உப்பு வெள்ளையாக இல்லாத வருடம்

பழைய நெகடிவ்களை ஸ்கேன் செய்யும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். பத்துப் பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. வேலையில் இருந்த காலத்தில் நான் அதிகம் முகம் பார்த்துப் பழகியது மானிட்டரோடுதான். அதனால் எழுதித் தருகிறேன். டீ குடிக்கும்போது படித்துக்கொள்ளுங்கள்.

பிலிமை எப்படிப் பிடிப்பது, தூசியை எப்படி ஊதுவது, எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் ஒரு வாரத்தில் கை பழகிவிடும். பழகாத ஒன்று இருக்கிறது. நெகடிவில் இருக்கும் நிறம் எது என்று முடிவு செய்வது.

பிரிண்ட் ஒன்றை ஸ்கேன் செய்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். நெகடிவுக்கு அந்த வசதி கிடையாது. பிலிம் முழுக்க ஆரஞ்சு பூசியிருக்கும். அதற்குள் இலை கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும், வானம் பழுப்பாக இருக்கும், மனித முகம் நீலமாக இருக்கும். மெஷின் அதைத் திருப்பிப் போட்டு, ஆரஞ்சைக் கழித்து, மீதியை ஊகம் செய்கிறது. இந்தப் படத்தில் எது வெள்ளை, எது சாம்பல் என்று நாம் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினால் மற்ற எல்லா நிறத்தையும் அதை வைத்து நகர்த்திக்கொள்ளும். நாம் தப்பான இடத்தைக் காட்டினாலும் மறுபேச்சுப் பேசாது. படத்தில் உள்ள எல்லாமும் சேர்ந்து ஒரே திசையில் பொய் சொல்லும். எல்லாமும் சேர்ந்து சொல்வதால் அது பொய் என்றே நமக்குத் தெரியாது.

இது எனக்குப் புரிந்தது சுனாமிக்கு அடுத்த வருடம்.

அப்போது மரக்காணம் கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். முன்பக்கம் படம் எடுக்கிற அறை, பின்பக்கம் ஒரு கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் பாண்டிச்சேரியில் ஒரு லேபிலிருந்து முதலாளி செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்த பிலிம் ஸ்கேனர். நான் பத்தாவது வரை படித்தவள். அந்த மெஷினைத் தொட மற்றவர்கள் பயந்ததால் அது என் வேலையாயிற்று. டிஜிட்டல் கேமரா வந்துவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடையில் இன்னும் பிலிம்தான். பாண்டிச்சேரியில் கழுவி பஸ்ஸில் வரும். நான் ஸ்கேன் செய்து சிடியில் போட்டுக் கொடுப்பேன்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. புது பைக் வாங்கினால் அதை உப்பளத்தின் ஓரம் நிறுத்தி ஒரு படம். பிள்ளைக்குக் காது குத்தினால் வரும் வழியில் அங்கே இறங்கி ஒரு படம். பின்னால் வானம், நடுவில் தண்ணீர், பக்கத்தில் உப்புக் குவியல். வெளியில் எடுத்த எந்தப் படத்திலும் ஒரு மூலையிலாவது உப்பு இருக்கும். அதனால் நிறம் பிடிக்க நாங்கள் யோசித்ததே கிடையாது. குவியலைத் தொட்டு, இதுதான் வெள்ளை என்று மெஷினுக்குச் சொல்லிவிடுவோம். நான் மட்டும் இல்லை. அந்தப் பக்கத்துக் கடைகள் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். வேறு ஊர்க்காரர் வெள்ளைச் சட்டையைத் தேடுவார், சுண்ணாம்புச் சுவரைத் தேடுவார். எங்களுக்கு உப்பு இருந்தது. அது பல வருடம் எங்களை ஏமாற்றவும் இல்லை.

ஏழுமலை மேஸ்திரி சின்னதாக ஒரு உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவித்துக்கொண்டிருந்தார். அவருடைய மகள் பரிமளா, பன்னிரண்டாவது முடித்துவிட்டு அப்பாவோடு அளத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த பெண். மாநிறத்துக்கும் கீழே, நல்ல கறுப்பு. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் ஒரு பையன் சரியாக வரும் போல் இருந்தது. பையனின் அம்மா திண்டிவனத்துப் பக்கம். மகனுக்குப் படம் அனுப்புங்கள், அவன் பார்த்துவிட்டுச் சொல்லட்டும், லீவில் வரும்போது நேரில் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பையனுக்கு அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அன்றைக்குத்தான் நெட் சென்டருக்குப் போய் மெயில் பார்ப்பார்.

எங்கள் முதலாளி ஒரு நாள் காலையில் அளத்துக்கே போய் பரிமளாவை நிற்க வைத்து எடுத்தார். செங்கல் நிறச் சேலை, பக்கத்தில் உப்புக் குவியல். பிலிம் கழுவி வந்தது வெள்ளிக்கிழமை மதியம். மேஸ்திரியும் மகளும் கடையில் காத்திருந்தார்கள்.

நான் வழக்கம்போல் குவியலைத் தொட்டேன். படம் திரையில் விரிந்ததும் முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பாத்தீங்களா மேஸ்திரி. பவுடர் இல்ல, லைட் இல்ல. கலரு எப்படித் தூக்கிடுச்சு பாருங்க."

மேஸ்திரி குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கவலை பாதி குறைந்துவிட்டது. "ஏம்மா, இதையே அனுப்பிடலாம். எம் பொண்ணு இவ்ளோ லட்சணமா இருக்குதுன்னு எனக்கே இப்பதான் தெரியுது."

வாசலில் நின்றிருந்த பரிமளா உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது யாருப்பா?"

"நீதாம்மா."

"என் சேலையைக் கட்டிக்கினு வேற யாரோ நிக்குது."

முதலாளி சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. அவருக்கு அந்தப் பேச்சு எங்கே போகும் என்று தெரிந்திருந்தது.

அதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து அவளைப் பார்க்க வந்திருந்தார்கள். இரண்டு முறையும் ஸ்டூடியோவில் எடுத்து, லேபில் வெளுப்பாக்கிய படம்தான் போயிருந்தது. வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், காப்பி குடித்துவிட்டு, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். இரண்டாவது வீட்டார் தெருவில் இறங்கியதும், போட்டோவைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று சத்தமாகவே பேசிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீடுகளில் எல்லாரும் கேட்டார்கள்.

"அவங்க போனதுல எனக்கு ஒண்ணும் போவல," என்றாள் பரிமளா. "டம்ளர் கழுவுறது நானு. மூணாவது தபாவும் கழுவ முடியாதுப்பா. நான் எப்படி இருக்கனோ அப்படிப் பாத்துட்டு வர்றவன் வரட்டும்."

"வரணும்ல? மொதல்ல வரணும். நேர்ல வந்து ரெண்டு வார்த்த பேசுனா உன் கொணம் தெரியும். அப்பால கலரை யாரு பாக்கறான்?"

"ரெண்டு பேரு பாத்தாங்களே."

மேஸ்திரியை நான் குறை சொல்ல மாட்டேன். படத்தைப் பார்த்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பேசுவதற்கே இடம் இருக்காது என்று அவர் பயந்தார். வந்து பார்த்துவிட்டு மூன்றாவது முறையும் யாராவது எழுந்து போனால் அதற்குப் பிறகு அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நிற்க முடியாது என்று அவள் பயந்தாள். இரண்டு பயத்திலும் நியாயம் இருந்தது. நடுவில் என் மெஷின் இருந்தது.

முதலாளிக்கு ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டியிருந்தது. "மேஸ்திரி சொல்றதைச் செய்மா. இந்தப் படத்தையே சிடியில போட்டுக் குடு," என்று சொல்லிவிட்டுக் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மேஸ்திரி, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எதிர்க்கடைக்குப் போனார். பரிமளா மட்டும் என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, கறுப்பாக்கவும் வேணாம். வெள்ளையாக்கவும் வேணாம். இருக்கறது வந்தா போதும்."

சொல்வது சுலபம். இருக்கறது எது என்று நெகடிவைப் பார்த்தால் தெரியாது. முதலில் நான் செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்களும் இதைத்தான் செய்வீர்கள். அவள் முகத்தை ஒரு கண்ணால் பார்த்தேன், திரையை ஒரு கண்ணால் பார்த்தேன், கையாலேயே நிறத்தை இழுத்தேன். கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள், வெளிச்சம் கொஞ்சம் குறைவு. அவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எங்க சித்தி மாதிரி இருக்குது," என்றாள்.

உண்மைதான். டியூப் லைட் வெளிச்சத்தில் ஒருத்தியைப் பார்த்து, வெயிலில் எடுத்த படத்தை அதற்கு ஏற்றபடி இழுத்தால் வேறொருத்திதான் வருவாள். முதலாளிக்குப் பிடித்தது வெள்ளைப் பொய் என்றால் நான் செய்தது கறுப்புப் பொய். அவளுக்காக நான் செய்தாலும் அது என் ஊகம். படத்துக்குள்ளேயே இருக்கும் ஏதாவது ஒன்று சாட்சி சொல்ல வேண்டும்.

மறுபடி முதல் படத்தைத் திறந்தேன். சேலையைப் பார்த்தேன். செங்கல் நிறமாக எனக்கு ஞாபகம் இருந்த சேலை, ரோஸ் பக்கம் போயிருந்தது. வானம் வேண்டிய அளவுக்கு மேல் நீலம். கடைசியில் உப்பைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறுத்தியது.

நான் தினமும் பஸ்ஸில் அந்த அளங்களைத் தாண்டித்தான் வேலைக்கு வந்தேன். சுனாமியில் பாத்திகளுக்குள் சேறு ஏறி, அதை வாரிக் கொட்டி, மறுபடி தண்ணீர் கட்டிய வருடம் அது. அந்த வருடத்து உப்பு கலங்கலாகத்தான் எழுந்தது. புதிதாக வாரிக் குவித்தது ஈரம் காயும் வரை சாம்பலும் செம்மண்ணும் கலந்த மாதிரி இருக்கும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். மானிட்டர் முன்னால் உட்கார்ந்ததும் உப்பு என்றால் வெள்ளை என்று கை போய்விட்டது.

என்ன நடந்தது என்று இப்போது புரிந்தது. மங்கலான, செம்பழுப்பான ஒன்றைக் காட்டி இதுதான் சுத்த வெள்ளை என்று நான் மெஷினுக்குச் சொல்லியிருக்கிறேன். மெஷின் அந்த அழுக்கைத் துடைத்து வெளுப்பாக்கியது. துடைத்த அதே துணியால் படம் முழுவதையும் துடைத்தது. பரிமளாவின் முகத்தையும் சேர்த்து. அவள் வெளுத்ததற்குக் காரணம் அந்தக் குவியல்தான்.

தப்பு தெரிந்துவிட்டது. சரி எங்கே இருக்கிறது?

படத்தில் உப்பை விட்டால் சேலை, வானம், தண்ணீர். மூன்றும் உதவாது. நெகடிவ் துண்டைக் கையில் எடுத்து டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தேன். பரிமளாவின் படங்களுக்கு அடுத்து ஒரு லாரி இருந்தது. முதலாளி அன்று அளத்திலிருந்து திரும்பும் வழியில், முன்பக்கம் நசுங்கிய உப்பு லாரி ஒன்றை இன்ஷூரன்ஸுக்காக எடுத்திருந்தார். கிழக்குக் கடற்கரைச் சாலையில், நடு ரோட்டில். அதே பிலிம், அதே காலை, அதே வெயில், அதே தொட்டியில் கழுவியது. லாரிக்கு முன்னால் பிரேமில் பாதிக்கு மேல் வெறும் தார் ரோடு.

சில வருடம் வெயிலில் காய்ந்த தார் ரோட்டைப் பார்த்திருப்பீர்கள். அது கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. நல்ல சாம்பல். முக்கியமாக, அது வெளுப்பாக இருக்க வேண்டும் என்று யாரும் ஆசைப்படுவதில்லை. உப்பு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று எங்கள் ஊருக்கே ஆசை. பெண் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று எல்லா ஊருக்கும் ஆசை. ரோட்டைப் பற்றி யாருக்கும் ஒரு ஆசையும் இல்லை. எனக்கு வேண்டியது அப்படி ஒன்று.

லாரிப் படத்தை ஸ்கேன் செய்து, ஓரத்துப் புழுதியை விட்டு, சக்கரத் தடத்தையும் விட்டு, நடு ரோட்டைத் தொட்டு, இதுதான் சாம்பல் என்றேன். லாரியின் நீலமும் மஞ்சளும் சரியாக உட்கார்ந்தன. அந்த அளவை அப்படியே வைத்துக்கொண்டு, வேறு எதையும் தொடாமல், பரிமளாவின் பிலிமை உள்ளே தள்ளினேன். என் கண் குறுக்கே வந்து கெடுத்துவிடக் கூடாது என்று மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வானம் வெளிறிய காலை வானமாக வந்தது. பிறகு அவள் நெற்றி, கண், தோள். பிறகு செங்கல் நிறச் சேலை. கடைசியில் குவியல்.

பரிமளா முதலில் பார்த்தது உப்பைத்தான். "உப்பு ஏன்க்கா இவ்ளோ அழுக்கா இருக்குது?" என்றாள். பிறகு அவளே, "ஆமா. அப்படித்தான இருக்குது," என்றாள்.

திரையை மட்டும் நம்பக் கூடாது என்பதால் ஒரு பிரிண்ட் எடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு இருவரும் வாசலுக்குப் போய் வெயிலில் நின்றோம். படத்துக்குப் பக்கத்தில் அவள் கையை நீட்டச் சொன்னேன். அவள் நீட்டினாள். படத்தையும் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அவள் படத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். முகம் பார்க்கிற கண்ணாடியைத் திருப்பிக் கொடுப்பது போல இருந்தது.

மேஸ்திரி வரும்போது முதலாளியும் கூடவே வந்துவிட்டார். காதுகுத்து வீட்டில் மாமன் வரத் தாமதமாம். திரையைப் பார்த்ததும் முதலாளி, "எதுக்கும்மா இருட்டடிச்சு வெச்சிருக்க? அதான் நல்லா இருந்துச்சே," என்றார்.

எனக்குச் சரளமாகப் பேச வராது என்று முதலிலேயே சொன்னேன். ஆரஞ்சுப் பூச்சு, சாம்பல், லாரி என்று அவர்களிடம் நான் விளக்கியிருந்தால் பாதியில் நாக்கு குழறியிருக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மானிட்டரை மேஸ்திரி பக்கம் திருப்பினேன்.

"ஐயா, பொண்ணைப் பாக்காதீங்க. உப்பைப் பாருங்க," என்றேன்.

அவர் முதலில் முறைத்தார். பிறகு பார்த்தார். இடது பக்கத்தில் இருந்த முதல் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது என் உப்பு இல்லியே."

"உங்க குவியல்தான் மேஸ்திரி. நான்தான எடுத்தேன்," என்றார் முதலாளி.

"அன்னிக்கி வாருனது சேத்து உப்பு. வெளுக்கவே வெளுக்கல. இது எங்கயோ தூத்துக்குடி உப்பு மாதிரி இருக்குது." வலது பக்கம் திரும்பினார். விரலை நீட்டித் திரையைத் தொட்டார். "இதான் நம்மளுது. அடியில செவப்பு தெரியுது பாரு. வரப்பு மண்ணு."

"உப்பை யாரு மேஸ்திரி பாக்கப் போறா?"

"நான் பாக்கறனே."

மேஸ்திரி துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் பேசியபோது எங்களிடம் பேசவில்லை, தனக்குத்தானே பேசுகிற மாதிரி இருந்தது.

"வேவாரிக்கு சாம்பிள் குடுப்போம். பொட்டலம் கட்டி. குவியலு உச்சில காஞ்சது வெள்ளையா இருக்கும், அதை மட்டும் வழிச்சி கட்டிக் குடுக்கறவன் இருக்கறான். லாரி போயி எறங்குன எடத்துல பிரிச்சிப் பாத்துட்டு, இது அது இல்லன்னு லோடைத் திருப்பி வுட்ருவான். அப்படித் திரும்பி வந்த உப்பை அப்பால எவனும் கேக்க மாட்டான். நான் நடுக்குவியல்லேர்ந்துதான் எடுத்துக் குடுப்பேன். எங்கப்பன் காலத்துலேர்ந்து."

"நான் இன்னா உப்பு லோடாப்பா?" என்றாள் பரிமளா.

"சேச்சே, அப்படிச் சொல்லலம்மா."

"ரெண்டு தபா திரும்பி வந்துட்டன் இல்ல."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் அதற்குள் குரலைத் தணித்துக்கொண்டாள். "அந்தப் படத்துல உப்பு பொய்யின்னு நீயே சொல்லிட்ட. பக்கத்துல நிக்கிற நான் மட்டும் எப்படிப்பா நெசமா இருப்பேன்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாவதைப் போடும்மா," என்றார் மேஸ்திரி.

சிடியை எடுத்துக்கொண்டு அவர்கள் பிரௌசிங் சென்டருக்குப் போனார்கள். முதலாளி என்னிடம், "நாளைக்கு எல்லாரும் வந்து என்னை ஏன் கறுப்பாக்கினன்னு கேப்பாங்க. அப்ப நீயே பதில் சொல்லு," என்றார். அவர் பயமும் நியாயமானதுதான். ஸ்டூடியோ நடத்துகிறவர் வந்தவர்களைச் சந்தோஷமாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இதோடு கதையை முடித்து, சரியான நிறம் நல்லதைச் செய்தது என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை பதில் வரவில்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் வரவில்லை. மேஸ்திரி கடைத்தெருவில் எங்கள் கடையைத் தாண்டும்போது உள்ளே திரும்பிப் பார்க்காமல் போனார். எனக்கு வேலை ஓடவில்லை. படம் சரி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு சரியான படம் ஒரு பெண்ணின் காரியத்தைக் கெடுத்துவிட்டால் நான் யாரிடம் போய் என்ன சொல்வேன்? அங்கே அந்த நெட் சென்டரில் மானிட்டர் எப்படியோ, அதில் அவள் எப்படித் தெரிந்தாளோ, அதுவும் என் கையில் இல்லை. இந்த வேலையில் இப்படி இருக்கும். நம் பக்கத்தைச் சரியாகச் செய்யலாம். மறுமுனையில் என்ன திறக்கிறது என்று நமக்குத் தெரியாது.

மழைக்காலம் தொடங்கி அளத்தில் வேலை நின்ற பிறகு ஒரு நாள் பரிமளா கடைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு போட்டோ.

"மஸ்கட்லேர்ந்து வந்து பாத்துட்டுப் போனாங்கக்கா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"ஷேர் ஆட்டோ வந்து நின்னுது. சேப்பா ஒருத்தர் எறங்குனாரு. எங்கப்பா ஓடிப்போயி அவரு கையைப் புடிச்சி, வாங்க மாப்பிளன்னு இட்டாந்து நடு நாற்காலில ஒக்கார வெச்சிட்டாரு. அவரு மாப்பிளையோட சித்தப்பா மவன்."

"மாப்பிள?"

"பின்னால எறங்குனாரு. கறுப்புல என்னவிட ஒரு கை அதிகம்."

போட்டோவை என் முன்னால் வைத்தாள். மஸ்கட்டில் ஏதோ ஸ்டூடியோவில் எடுத்தது. நீலத் திரைக்கு முன்னால் பால் நிறத்தில் ஒரு ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். உதடு ரோஸ்.

"இதான் மொதல்ல எங்களுக்கு அனுப்புன படம். பாத்து சொல்லுங்கக்கா, இதுல எந்த உப்பைத் தொட்டாங்க?"

நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தக் கடையில் அதுதான் முதல் தடவை என்று முதலாளி பிறகு சொன்னார்.

அவர்களைத் தனியாகக் கொஞ்ச நேரம் பேச விட்டிருக்கிறார்கள். அவள் முதலில் கேட்டதே அந்தப் படத்தைத்தான். அவர், கடைக்காரன் செய்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை என்றாராம். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "உன் படம் வந்தப்புறம் எனக்கு வெக்கமா பூடுச்சு. வேற ஒண்ணு எடுத்து அனுப்பலாம்னு ரெண்டு வெள்ளிக்கெழம கெளம்புனேன். பாத்துட்டு வேணான்னு சொல்லிடுவியோன்னு வுட்டுட்டேன்," என்றாராம். பதில் வராததன் காரணம் அதுதான்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தது. "காப்பி குடிச்சாரா?" என்று கேட்டேன்.

"குடிச்சாரு," என்றாள். "குடிச்சிட்டு டம்ளரை அவரே எடுத்தாந்து உள்ள வெச்சாரு."

அடுத்த வருடம் தையில் கல்யாணம். படம் எங்கள் முதலாளிதான். முன்தினம் அவர் பிலிம் ரோல்களைப் பையில் அடுக்கும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். நான் அவரிடம் நானாகக் கேட்டது அந்த ஒன்றுதான். வெளியில் எடுக்கும் ரோலில் முதல் படம் வெறும் தார் ரோடாக இருக்கட்டும் என்றேன்.

"யாரு நிக்கணும்?"

"யாரும் வேணாண்ணே. ரோடு மட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் எடுத்தார். அதற்குப் பிறகு கேட்காமலே எடுத்தார். இப்போது உங்களுக்குச் சாம்பல் நிற அட்டை என்று தனியாகவே விற்கிறது. பழைய நெகடிவ்களில் அதை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். நீங்கள் ஸ்கேன் செய்யப் போவது அப்படிப்பட்ட நெகடிவ்கள்தான். ஒரு படத்தில் கிடைக்காவிட்டால் அதே ரோலில் தேடுங்கள். ரோடு, சிமெண்ட் தரை, மின்கம்பம், யாரும் கவனிக்காத ஏதாவது ஒன்று எங்காவது இருக்கும்.

அந்தக் கல்யாணப் படங்களை நான் அந்த ரோட்டை வைத்தே நிறம் பிடித்தேன். இருவரும் இருவராகவே வந்தார்கள். பையனின் அம்மா மட்டும், என் மகனைக் கொஞ்சம் தூக்கியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆல்பம் செய்கிறவர் எல்லாப் படத்தையும் வரிசையாக ஒட்டிவிட்டார். ஆளே இல்லாத படம் ஒன்று முன்னால் இருக்கிறதே, கழற்றிவிடலாமா என்று மேஸ்திரி கேட்டாராம். பரிமளா வேண்டாம் என்றிருக்கிறாள்.

அவர்கள் வீட்டு ஆல்பத்தைத் திறந்தால் இன்றைக்கும் முதல் பக்கத்தில் அந்தத் தார் ரோடுதான் இருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் அதற்கு அடுத்த பக்கத்தில்தான் வருகிறார்கள்.